ஏழாம் குழாய்

மாலை வகுப்பு நடக்கும் அறையில் நாற்காலிகள் மிகச் சிறியவை. பகலில் அது எட்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பறை. ஆறு மணிக்கு மேல் நாங்கள் வந்து அதே நாற்காலிகளில் முழங்கால் மார்பில் இடிக்க உட்காருவோம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக்கொள்வார். மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் அவரைப் பார்த்து, "ரெண்டு சீட்டுக்கும் டிக்கெட் எடுத்துட்டீங்களா பெரியவரே?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். ஒவ்வொரு வாரமும் அவர் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

எனக்கு அந்த அறை பிடிக்கும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஏதோ ஆத்திரத்தில் அல்லது அவசரத்தில் செய்துவிட்டவன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு விசாரித்தால் இருவருக்கும் நேரம் வீணாகும். நான் எதையும் அவசரமாகச் செய்பவன் இல்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்று கற்றதை நாட்குறிப்பில் எழுதுவேன். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். அந்த நாட்குறிப்பை எடுத்துப்போய்ப் படித்துவிட்டீர்கள். அதில் அணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது உங்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். அது வகுப்புக்கான நாட்குறிப்பு. அலுவலக விஷயத்தை அதில் கலப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கச் சுரங்கத்தில் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, தண்ணீரும் ரசாயனமும் சேர்த்துத் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். ஒரு லாரி பாறையில் ஒரு சிட்டிகை கிடைத்தால் நல்ல சுரங்கம். மிச்சமெல்லாம் சாம்பல் நிறச் சேறு. அதைப் பள்ளத்தில் விட்டு, முன்னால் மண்ணால் ஓர் அணை கட்டித் தேக்கி வைக்கிறார்கள். அந்த அணைக்குள் ஆழமாகச் சில குழாய்களை இறக்கியிருப்பார்கள். குழாய்க்குள் நீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அணையின் வயிற்றுக்குள் அந்த உயரத்துக்கு ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரம் ஏறினால் மண் இளகும். இளகினால் என்ன ஆகும் என்பதை இப்போது எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் அலுவலகம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. நான்கு மேசைகள், ஜன்னலோரம் ஒரு வாடிய செடி. பல சுரங்கங்களின் அளவுகளை வாங்கிச் சரிபார்ப்பதுதான் எங்கள் தொழில். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிவப்புக் கோடு உண்டு. நீர் அதைத் தாண்டினால் மறுநாள் அளவையும் பார்க்க வேண்டும். மறுநாளும் தாண்டியிருந்தால் மேலாளர் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் சுரங்கம் நிற்கும், அணைக்குக் கீழே குடியிருப்பவர்களை வெளியேற்றுவார்கள். ஆனால் குழாய்களும் பழுதாவது உண்டு. மண் அடைத்துக்கொள்ளும், விரிசல் வழியாக மழைநீர் இறங்கிவிடும். அப்படிப்பட்ட குழாய்க்கு எதிரே கணினியில் 'பழுது' என்று குறித்துவிட்டால், பழுதுபார்ப்பவர் வந்து பார்க்கும்வரை அதன் அளவு கணக்கில் வராது. பழுதுபார்ப்பவர் ஒரே ஆள். எல்லாச் சுரங்கங்களுக்கும் அவர்தான். வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். குறிப்பது என் வேலை. அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. இது சரியான முறையா என்று நான் சேர்ந்த புதிதில் மேலாளர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "உன்னை மாதிரி பயந்தவன் அந்தச் சீட்டுல உக்காந்திருக்கிறவரைக்கும் சரியான முறைதான்" என்றார்.

அந்தச் சுரங்கத்தில் குழாய்களை அளப்பவருக்குச் சாவி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு பூட்டு இருக்கும். கொத்துச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். காலையில் போனில் அளவு சொல்லும்போது அது குலுங்குவது எனக்குக் கேட்கும். நான் அவரைப் பார்த்ததில்லை. அணையையும் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீடு அணைக்குக் கீழேயுள்ள தொழிலாளர் குடியிருப்பில் கடைசி வீடு என்று தெரியும். அவருடைய மகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள் என்றும், வாய்ப்பாட்டில் எட்டாம் வாய்ப்பாடு மட்டும் அவளுக்கு ஏறவே இல்லை என்றும் தெரியும்.

"எழுதிக்குங்க தம்பி" என்று ஆரம்பிப்பார். "ஒண்ணு நல்லாருக்கு. ரெண்டு நல்லாருக்கு. மூணு நம்ம மச்சினன் மாதிரி, என்ன சொன்னாலும் அசையமாட்டேங்குது." பிறகு எண்களைச் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். இருவரும் ஒத்துப்போனதும் வைத்துவிடுவோம்.

இனி வகுப்பு. அங்கே பங்குச் சந்தைப் பாடம் நடத்துபவர் பகலில் வங்கி ஊழியர். எதைக் கேட்டாலும் "சராசரியைப் பாருங்க" என்பார் என்பதால் அவருக்குச் சராசரி சார் என்று பெயர். இ.டி.எஃப் என்றால் என்ன என்று அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு உடனே புரிந்தது. எனக்கு உடனே புரிவது அபூர்வம்.

"ஒரே கம்பெனியோட பங்கை வாங்குறது ஒரே ஆளை நம்புற மாதிரி" என்றார். "அவன் கால் தடுக்கி விழுந்தா நீங்களும் விழுவீங்க. இது கூடை. உள்ளே நிறைய கம்பெனி இருக்கும். அந்தக் கூடையில ஒரு துண்டைச் சந்தையில சாதாரணப் பங்கு மாதிரியே வாங்கலாம், விக்கலாம். உள்ளே ஒண்ணு செத்தாலும் கூடைக்கு வலிக்காது."

கடைசி வாக்கியத்தை நாட்குறிப்பில் அப்படியே எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். பார்த்திருப்பீர்கள்.

ஆளுக்கொரு கூடையைத் தேர்ந்தெடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவந்து பேச வேண்டும் என்றார். மருந்துக்கடைப் பெண் மருந்துக் கம்பெனிகளை எடுத்தாள். ஓட்டுநர் எதை எடுப்பதென்று தெரியாமல் மருந்துக்கடைப் பெண் எடுத்ததையே எடுத்தார். நான் சிறிய தங்கச் சுரங்கக் கம்பெனிகளின் கூடையை எடுத்தேன். பெரிய கம்பெனிகளைப் போல இவற்றுக்குப் பத்துப் பதினைந்து சுரங்கங்கள் கிடையாது. ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும். சிலவற்றுக்கு அதுவும் இல்லை, தோண்டப்போகிறோம் என்ற பேச்சு மட்டும் இருக்கும். தங்கம் ஒரு படி ஏறினால் இவை மூன்று படி ஏறும். கூடைக்குள் இருந்த பெயர்களைப் படித்துக்கொண்டு போனபோது நடுவில் எங்கள் அணைக்காரக் கம்பெனியின் பெயர் இருந்தது. தெரிந்தவர் படத்தைச் செய்தித்தாளில் பார்த்ததுபோல் சந்தோஷமாக இருந்தது.

அதைப் பற்றித்தான் வகுப்பில் பேசினேன். அணையை எப்படிக் கட்டுகிறார்கள், ஒரு சுரங்கம் நின்றால் சிறிய கம்பெனி எப்படித் தள்ளாடும், கூடையாக வாங்கும்போது அது எப்படித் தெரியாமல் போகும் என்றெல்லாம் சொன்னேன். சராசரி சார் மற்றவர்களைப் பார்த்து, "மத்தவங்க கூடையை வெளியில இருந்து பாத்தீங்க. இந்தத் தம்பி மூடியைத் திறந்து பாத்திருக்கார்" என்றார். அதற்கு முன் என்னை யாரும் எதற்கும் உதாரணமாகக் காட்டியதில்லை. அடுத்த வகுப்பிலிருந்து எனக்கு முன்வரிசை. அந்தக் கூடையின் விலையை வாராவாரம் நான் கரும்பலகையில் எழுத வேண்டும் என்றும் ஏற்பாடு.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். கடைக்காரர் வயதானவர், மகனோடு போய் இருக்கப்போகிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் கடையை அக்காவுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அக்காவிடம் இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும் இருந்தன. அவற்றை விற்றால் முன்பணத்துக்குக் கொஞ்சம் குறையும். குறைவதைக் கூடை கொடுக்கும் என்று நான்தான் சொன்னேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே கேட்டாள். "தங்கம் ஒரு படி ஏறினா இது மூணு படி ஏறும்னு சொல்ற. சரி. இறங்கினா?"

"அதுவும் மூணு படிதான்."

"அதை ஏன்டா மெதுவா சொல்ற?"

மாமா, அதாவது அக்காவின் கணவர், வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர், சிரித்துவிட்டார். "பால் வாங்கிட்டு வாடான்னா மாட்டுக்காரனோட சட்டையை வாங்கிட்டு வர்ற ஆளு நீ, மாப்ளே. தங்கம்தான் கையிலேயே இருக்கே. அதைக் குடுத்துட்டுத் தோண்டுறவனை எதுக்கு வாங்கணும்?"

அக்கா அவரை அடக்கிவிட்டாள். "அவன் படிச்சிட்டு வந்து சொல்றான். நீங்க என்ன படிச்சீங்க?" என்றாள். மறுநாள் நகைகளை விற்றாள். வளையல் இருந்த இடத்தில் தோல் வெளிறி இரண்டு வட்டங்கள் தெரிந்தன. போனில் எப்படி வாங்குவது, எப்படி விற்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டையும் எழுதிக்கொடுத்தேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை விற்பதாகப் பேச்சு. வகுப்பில் "எங்க அக்காவே வாங்கியிருக்காங்க" என்று சொன்னேன். அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலில் விலை விழுந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. மாமா மட்டும் ஒருநாள், "என்ன மாப்ளே, தோண்டினவன் குழிக்குள்ளேயே விழுந்துட்டானா?" என்றார். பிறகு மெல்ல எழுந்து வாங்கிய விலைக்கு வந்தது. அதற்கு மேலும் ஏறத் தொடங்கியது. கரும்பலகையில் நான் எழுதும் எண்ணைப் பார்த்து ஓட்டுநர் விசில் அடிக்க முயற்சி செய்வார், காற்றுதான் வரும்.

அந்த நேரத்தில் மழை பிடித்தது. நின்று நின்று பெய்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் சாவி அண்ணன், ஏழாம் குழாய் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது என்றார். மறுபடி அளக்கச் சொன்னேன். அளந்து அதே எண்ணைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. விதிப்படி நான் எழுந்து மேலாளர் அம்மாவின் மேசைக்குப் போக வேண்டும். எழுந்தும் விட்டேன். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து யோசித்தேன். சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எல்லாப் பக்கமும் பார்ப்பார்கள். குழாய் உண்மையிலேயே பழுதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பழுதில்லை என்று நான் சொன்னால் சுரங்கம் நிற்கும், செய்தி வெளியே வரும், கம்பெனியின் விலை விழும். கூடையில் அந்தக் கம்பெனியின் பங்கு நூறில் இரண்டுகூட இல்லை. அது அடியோடு ஒன்றுமில்லாமல் போனாலும் அக்காவுக்குப் போவது ஒரு வளையலில் சிறு துணுக்கு. இதையும் கணக்குப் போட்டேன். ஆனால் சராசரி சார் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சின்னக் கம்பெனிகளைப் பொறுத்தவரை ஒருத்தன் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள், ஏன் ஓடுகிறோம் என்று பிறகுதான் கேட்பார்கள் என்றார். எனவே ஆபத்து நூறில் இரண்டா, நூறில் இருபதா என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது காத்திருப்பதுதான் முறை. வெள்ளிக்கிழமை வரைதானே.

ஏழாம் குழாய்க்கு எதிரே 'பழுது' என்று குறித்தேன்.

நீங்கள் நேற்று கேட்டீர்கள், அக்காவை உடனே விற்கச் சொல்லிவிட்டு, மேலாளரிடமும் சொல்லியிருக்கலாமே என்று. நல்ல கேள்வி. அது எனக்கும் தோன்றியது. போனைக்கூடக் கையில் எடுத்தேன். ஆனால் அது குற்றம். வெளியே யாருக்கும் தெரியாத கம்பெனித் தகவலை வைத்துக்கொண்டு பங்கு விற்பதும், மற்றவருக்குச் சொல்லி விற்கவைப்பதும் சட்டவிரோதம் என்பது மூன்றாவது வாரப் பாடம். சராசரி சார் அதில் மிகவும் கண்டிப்பானவர். அந்த வழியில் போனால் அக்காவையும் குற்றத்தில் இழுத்துவிட்டவன் ஆவேன். போனைக் கீழே வைத்துவிட்டேன். நாட்குறிப்பில் அந்த மூன்றாவது வாரப் பாடத்துக்குக் கீழே அன்று இரவு, 'நேர்மை என்பது யாரும் பார்க்காதபோது நடப்பது' என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது இதைப் பற்றித்தான்.

புதன்கிழமை எட்டாம் குழாயும் ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. அதை நான் தொடவில்லை. தாண்டாததற்கு எதுவும் செய்யக்கூடாது என்பது விதி.

அன்று அளவுகளைச் சொல்லி முடித்த பிறகும் சாவி அண்ணன் போனை வைக்கவில்லை. சாவிகள் குலுங்காமல் அமைதியாக இருந்தன. கையில் பிடித்துக்கொண்டிருந்தார்போலிருக்கிறது.

"தம்பி, வீட்டுக்குப் பின்னாடி தரை சதசதன்னு இருக்கு. மழை விட்டு ரெண்டு நாளாச்சு. போட்ட துணி காயமாட்டேங்குதுன்னு வீட்டுக்காரி என்னைத் திட்றா, ஏதோ நான்தான் ஊத்திட்டு வந்த மாதிரி."

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன்.

"இல்ல, விஷயம் என்னன்னா, அவ தங்கச்சி வீடு மேட்டுல இருக்கு. நாலு நாள் அங்க போயிருக்கலாமான்னு கேக்குறா. புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நான்தான் இரு, கேட்டுச் சொல்றேன்னேன். ஏழாம் குழாயைப் பழுதுன்னு குறிச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. நிஜமாவே பழுதுதானா?"

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள விரும்புவீர்கள். எதுவும் நினைக்கவில்லை. கணினித் திரையில் அந்தச் சொல் இருந்தது. நான் அதைப் படித்தேன்.

"பழுதுதான் அண்ணே."

"அப்ப சரி. நீங்க சொன்னாச் சரிதான். வீட்டுல சொல்லிடறேன்."

சாவிகள் மறுபடி குலுங்கின. அவருடைய குரல் லேசாகியிருந்தது. ஒருவருக்கு நிம்மதி கொடுத்த உணர்வு எனக்கும் கொஞ்சம் வந்தது. அது பொய்யான உணர்வு என்று அப்போது சொல்ல முடியாது.

அன்று மாலை அக்காவைப் பார்க்கப் போனேன். நீண்ட கைச் சட்டை போட்டுக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அந்தப் புழுக்கத்தில். விலை இன்னும் ஏறியிருக்கிறது, வெள்ளிக்கிழமை விற்றுவிடலாம் என்றேன். "அதைப் பத்தி இப்ப எதுக்கு, சாப்பிட்டியா?" என்றாள். மாமா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அவர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மனநிலையில்தான் வீடு திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை சாவி அண்ணனின் போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எனக்குத் தாமதம் பிடிக்காது. மற்ற சுரங்கங்களின் அளவுகளை எழுதி முடித்தேன். பதினொரு மணி சுமாருக்குக் கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். மேலாளர் அம்மா படியில் இறங்கி ஓடினார். நான் ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நெடுநாளாக அதை யாரும் கவனிக்கவில்லை.

எத்தனை பேர் என்பது உங்களிடம் இருக்கிறது. நான் திரும்பச் சொல்லவில்லை. நீங்கள் காட்டிய புகைப்படத்தில் சேற்றுக்கு மேலே ஒரு நாற்காலியின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் வகுப்பில் இருப்பதைப் போன்ற நாற்காலிதான், அதே உயரம், அதே நீலப் பூச்சு. இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஒரே இடத்தில் வாங்கியிருப்பார்கள்.

வியாழன் வகுப்பு உண்டு. போனேன். நீங்கள் இதை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. வகுப்பு இருந்தது, போனேன். கூடையின் அன்றைய விலையைக் கரும்பலகையில் எழுதினேன். நூறில் ஒன்றுகூட இறங்கவில்லை. யாரும் ஓடவில்லை. சராசரி சார் வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொல்பவர்போல, "பாருங்க, நான் சொன்னேனே. ஒண்ணு போனாலும் கூடைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் மருந்துக்கடைப் பெண். "கீழே ஆளுங்க இருந்தாங்க."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஓட்டுநர் எழுந்து, தான் சேர்த்துப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளையும் பிரித்து, பழைய இடத்திலேயே வரிசையாக வைத்துவிட்டு வெளியே போனார். வகுப்பு சீக்கிரம் முடிந்தது. நான் எண்ணை எழுதிக்கொண்டேன்.

சாவி அண்ணன் பிழைத்தது தற்செயல். அணையின் மறுகோடியில் முதல் குழாயிலிருந்து அளக்க ஆரம்பித்திருந்தார். ஏழுக்கு வந்து சேரவில்லை, பக்கத்து மேட்டுக்கு ஓடிவிட முடிந்தது. சில நாட்கள் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். அவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம், என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். கொத்துச் சாவியை என் மேசையில் வைத்தார். திட்டவில்லை, அழவும் இல்லை.

"நான் வீட்டுல சொல்லிட்டேனே தம்பி" என்றார்.

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார். சாவிகளை என்ன செய்வதென்று தெரியாமல் மேலாளர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாக் குழாய்களையும் சேறு கொண்டுபோய்விட்டது. அவற்றால் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. மேலாளர் அம்மா சாவிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கணினியில் ஏழாம் குழாயின் பழைய அளவுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். உங்களுக்குப் போன் செய்தது அவர்தான். செய்தது சரி. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஏழாம் குழாய் பழுதாகவில்லை என்று எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். மழைநீர் இறங்கிய குழாய் மழை நின்றதும் இறங்கும். இது மழை விட்ட பிறகும் ஏறியது. அடைத்த குழாயில் அளவு அசையாது. இது நாளுக்கு நாள் அசைந்தது. இதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கரும்பலகையில் இருந்த எண் இறங்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது அக்காவுக்காகத்தான். முன்வரிசைக்காக என்று உங்கள் உதவியாளர் சொன்னது எனக்கு வலித்தது, ஆனால் எதிர்த்துப் பேசும் அளவுக்கு எனக்கு என்மேல் நிச்சயம் இல்லை. குறித்தது நான். சாவி அண்ணனிடம் சொன்னது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஒருவரைத் தவிர. இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீங்கள் என்னை அழைத்துவருவதற்கு முந்தைய நாள் அக்காவிடம் போனேன். வெள்ளிக்கிழமை விற்றாயா, எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் ஒரு வளையல் இருந்தது.

"வாங்கின விலை வந்த அன்னைக்கே வித்துட்டேன்டா" என்றாள். "கடைக்காரர் நல்லாவே குறைச்சுக்கிட்டார், முன்பணம் குடுத்தாச்சு. மிச்சத்துல ஒண்ணைத் திரும்ப வாங்கிட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ வகுப்புல எங்க அக்கா, எங்க அக்கான்னு சொல்லிட்டு இருந்த. உன் மூஞ்சி வாடிடும்னு பேசாம இருந்துட்டேன்."

அதாவது, ஏழாம் குழாய் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பே அந்தக் கூடையில் அவளுக்கு ஒன்றும் இல்லை. மாமாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. புதன்கிழமை மாலை நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுகூட ஒரு வார்த்தை போதும், இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. என்னை வளர்த்தவள். இப்போது பார்க்க வருவதில்லை, வந்தாலும் இதைச் சொல்லிக் காட்டமாட்டேன். ஆனால் உங்கள் அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். அவளுக்குத் தெரிந்திருந்ததை உரிய நேரத்தில் உரியவரிடம் அவள் சொல்லியிருந்தால், அத்தனை பேரும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.